செண்பகத்தோட ஒண்ணுவிட்ட அக்காவும் எங்கம்மாவும்

சிட்னில ஸ்கோஃபீல்ட்ஸ், டல்லவாங், மார்ஸ்டன் பார்க் பக்கம் புதுசா மொளச்ச தெருவுல ஒரு ரவுண்டு போனவங்களுக்குத் தெரியும், எல்லா வீடும் ஒரே அச்சு. சாம்பல் கூரை, வெள்ளை கராஜ் கதவு, முன்னாடி கொஞ்சூண்டு புல்லு, அந்தப் புல்லுல கட்டாயம் ஒரு லிட்டில் ஜெம். மக்னோலியாங்கற பூ மரத்துல குட்டி ரகம் அது. ஒரிஜினல் மக்னோலியா கிராண்டிஃப்ளோரா அமெரிக்காவோட தெக்குப் பக்கத்து மரம், லூசியானாவுக்கும் மிசிசிபிக்கும் அதான் மாநிலப் பூ, விட்டா 25 மீட்டர் வரைக்கும் போகும், அத நம்ம மனைல வச்சா மரம் உள்ள இருக்கும் நாம ரோட்டுல நிப்போம். 1952ல நார்த் கரோலினால வாரன் ஸ்டீட்னு ஒரு நர்சரிக்காரர் தன்னோட நாத்துல ஒண்ணு மட்டும் குட்டையா, சின்ன இலையோட வர்றதப் பாத்து தனியா எடுத்து வளத்தாராம், அதோட குச்சிலேருந்து பெருகி வந்ததுதான் இன்னிக்கு எங்க தெரு பூரா நிக்குது.

என் பொண்ணு டெடி பேர்னு இன்னொரு குட்டி மக்னோலியா இருக்கு அதத்தான் வாங்கணும்னு நர்சரில ஒரே அழுகை, பேருக்காகத்தான், வேற காரணம் இல்ல. வெலைய பாத்துட்டு லிட்டில் ஜெம்முக்கே வந்துட்டோம். டேக்ல 4 மீட்டர் உயரம், 2.5 மீட்டர் அகலம், எவர்கிரீன், பராமரிப்பு கம்மின்னு போட்டிருந்துச்சு. இந்த எவர்கிரீன்ங்கறத நம்பித்தான் பாதி பேரு வாங்குறான். இலையே கொட்டாதுன்னு நெனப்பு. கொட்டாம எங்க போகும், மத்த மரம் ஒரே சீசன்ல கொட்டிட்டு சும்மா இருக்கும், இது வருஷம் முச்சூடும் தவணை முறைல கொட்டும், புதுத்தளிர் வர்ற வசந்த காலத்துல வட்டியும் சேத்து கொட்டும். கொட்டுற இலையும் லேசுப்பட்ட இலை இல்ல, தோல் மாதிரி தடிமன், மக்கவே மக்காது. ராத்திரி சிமெண்ட் தரைல ஒரு இலை விழுந்தா யாரோ செருப்பு போட்டு நடக்குற சத்தம்தான்.

போன நவம்பர்ல அம்மா கும்பகோணத்துலேருந்து வந்தாங்க. வந்து பெட்டியக்கூட பிரிக்கல, முன்னாடி போய் மரத்தப் பாத்தாங்க. ஒரு இலைய திருப்பிப் பாத்துட்டு "டேய், அடிப்பக்கம் பூரா துருப் புடிச்சுக் கெடக்கு, மருந்து அடிக்கக் கூடாதாடா"ன்னாங்க. அது துரு இல்லம்மா, இந்த மரத்துக்கு மேல பளபளன்னு பச்சை, கீழ வெல்வெட் மாதிரி பழுப்பு, பொறவியே அப்படித்தான்னு சொன்னா கேக்கல, நகத்தால சுரண்டிப் பாத்தாங்க, வரல, அப்புறம் ஈரத்துணிய எடுத்துட்டு வந்து நாலஞ்சு இலைய தொடச்சும் பாத்தாங்க. அதோட விட்டாங்களான்னா இல்ல, மறுநாள் காலைல மண்வெட்டியோட நிக்கிறாங்க, வேர் பக்கம் கொத்தி விட்டு உரம் வைக்கணுமாம். இதுக்கு வேரு மேலாகத்தான் ஓடும், கொத்துனா கோச்சுக்கும், மேல மரத்தூள பரப்பி தண்டுல ஒட்டாம விட்டா போதும். என் வொய்ஃப் மண்வெட்டிய வாங்கி கராஜ்ல பூட்டிட்டா. அதுலேருந்து ரெண்டு நாளு மாமியாரும் மருமகளும் என் வழியாத்தான் பேசிக்கிட்டாங்க.

மொதப் பூ விரிஞ்சப்புறம்தான் அம்மா சமாதானமானாங்க. என் உள்ளங்கையவிடப் பெருசு, பால் வெள்ளை, எலுமிச்சை வாசம். கிட்டப் போய் மோந்தவங்க "அட, இது நம்ம செண்பகத்துக்குச் சொந்தம்டா"ன்னாங்க பாருங்க, எனக்கு ஆச்சரியம், ஏன்னா நெஜமாவே செண்பகமும் மக்னோலியா வகைதான், புத்தகத்துலயும் இப்ப மக்னோலியா சம்பகான்னுதான் போடுறாங்க, அம்மா அத மூக்காலயே கண்டுபுடிச்சுட்டாங்க. ஒடனே பறிச்சு சாமிக்கு வச்சாங்க. எங்க வீட்டு முருகர் படம் மேஸ் ஹில் முருகன் கோயில்ல வாங்குன சின்னப் படம். பூவ வச்சதும் முருகரக் காணோம், வேலோட நுனி மட்டும் மேல தெரியுது, மயில் சுத்தமா அவுட்டு. சாயந்தரம் பாத்தா பூவுல அம்மா வெரல் பட்ட எடமெல்லாம் பழுப்பா அப்படியே ரேகை விழுந்திருக்கு. இந்தப் பூவ தொட்டா கருத்துரும், போலீஸ் தேவையே இல்ல, யாரு தொட்டாங்கன்னு பூவே சொல்லிரும்.

இப்ப விஷயத்துக்கு வரேன். அம்மா சாயந்தரம் வாக்கிங் போவாங்க, தனியாத்தான். நம்பர் பாத்து வாங்கம்மான்னா "எனக்கு எதுக்குடா நம்பரு, மக்னோலியா நிக்கிற வீடு நம்ம வீடு"ன்னுட்டாங்க. தெருவுல எத்தன மக்னோலியான்னு மேல சொல்லிட்டேன்.

அன்னிக்கு திரும்பி வந்து ஒரு மரத்தடில நின்னிருக்காங்க. தரை பூரா இலை. காலைலதான கூட்டுனோம் அதுக்குள்ள இவ்ளோவான்னு சலிச்சுக்கிட்டே சுவத்துல சாத்தியிருந்த தொடப்பத்த எடுத்தாங்களாம். தொடப்பம் வேற கலர். அங்கயாவது சந்தேகம் வந்திருக்கணுமா இல்லையா, வரல, "மருமக சொல்லாம கொள்ளாம புதுத் தொடப்பம் வாங்கியிருக்கா, பழசு நல்லாத்தான இருந்துச்சு"ன்னு கோவம்தான் வந்துச்சாம். அந்தக் கோவத்துலயே மொத்த முன்வாசலையும் கூட்டி, இலைய எல்லாம் மரத்தடில குமிச்சு, கொழாயத் தொறந்து தண்ணி தெளிச்சு, ஒரு பூவயும் பறிச்சு இடுப்புல சொருகிக்கிட்டு பெல் அடிச்சிருக்காங்க.

அது கேமரா வச்ச பெல்லு. வீட்டுக்காரர் ஆபீஸ்ல இருக்காரு, போன்லேருந்து "ஹலோ, கேன் ஐ ஹெல்ப் யூ"ன்னு கேட்டிருக்காரு. எங்கம்மா பெல்லுக்கிட்ட குனிஞ்சு "டேய், வெளையாடாத, கால் வலிக்குது, கதவத் தொற, காபிக்கு பால வை"ன்னு சொல்லிட்டு வாசப்படில உக்காந்துட்டாங்க. அவரு திரும்ப ஏதோ கேக்க, "இங்கிலீசு பேசுறியோ எங்கிட்டயே"ன்னு ஒரு அதட்டல்.

ஸ்கூல்லேருந்து பொண்ணக் கூட்டிட்டு வந்த என் வொய்ஃப்தான் கார்லேருந்து பாத்திருக்கா, நம்ம வீட்டுக்கு மூணு வீடு தள்ளி மாமியார் ஜம்முன்னு உக்காந்திருக்காங்க. "அத்தை, எந்திரிங்க, இது நம்ம வீடு இல்ல"ன்னா, "அப்ப உள்ளேருந்து பேசுனது யாருடி?"

ராத்திரி எங்க ஏரியா ஃபேஸ்புக் குரூப்ல வீடியோ வந்துருச்சு. சேலை கட்டுன ஒரு பாட்டியம்மா என் வாசல கூட்டிட்டு ஒரு பூவ மட்டும் கூலியா எடுத்துட்டுப் போயிட்டாங்க, யாருன்னு தெரிஞ்சா நன்றி சொல்லணும்னு போட்டிருந்தாரு. கீழ ஒருத்தன் என் வீட்டு நம்பர் இதான், வியாழக்கிழமை வந்தா நல்லாருக்கும்ங்கறான், இன்னொருத்தன் கூரை ஓரத்து கட்டர் க்ளீனிங்கும் உண்டான்னு கேக்குறான். நான் முறுக்கு டப்பாவோட போய் விளக்கிச் சொல்லிட்டு வந்தேன். நல்ல மனுசன், லெபனான்காரர், அவங்கம்மாவும் பக்கத்து வீட்டு எலுமிச்சைய இப்படித்தான் பறிப்பாங்களாம், டப்பாவ திருப்பிக் குடுக்கறப்ப பக்லாவான்னு அவங்க இனிப்பு வச்சுக் குடுத்தாரு.

இனிமே தப்பு நடக்கக் கூடாதுன்னு அம்மா ஒரு வேலை பண்ணுனாங்க. நம்ம மரத்து கெளையில மட்டும் மஞ்சத்துணி ஒண்ணு கட்டி விட்டாங்க, அடையாளத்துக்கு. தண்டுல இறுக்கிக் கட்டாதீங்க, மரத்துக்கு ஆகாதுன்னு சொன்னதால லூசாத்தான் கட்டுனாங்க. ஒரு வாரம் நிம்மதியாப் போச்சு.

எதுத்த வீட்ல குண்டூர்க்காரங்க. அந்த ஆன்ட்டி மஞ்சத்துணியப் பாத்துட்டு என் வொய்ஃப்கிட்ட என்ன வேண்டுதல்னு கேட்டிருக்காங்க, இவ அவசரத்துல ஆமா வேண்டுதல்தான்னு சொல்லிட்டு கார எடுத்துட்டுப் போயிட்டா. மறுநாள் காலைல அவங்க மக்னோலியாவுல ஒரு மஞ்சத்துணி, பையனுக்கு பிஆர் விசா, அதான் இங்கயே நிரந்தரமா தங்குற விசா, வரணுமாம். விசா வந்துருச்சு. இப்ப எங்க வரிசைல அஞ்சு மரத்துல மஞ்சத்துணி, லெபனான்காரர் மரத்துலயும் ஒண்ணு தொங்குது, அம்மா நேத்து சாயந்தரம் அவரு வீட்ல காபி குடிச்சுட்டுத்தான் வந்தாங்க.