அப்பாவின் மேஸிக்கு விலை வைத்த கதை

அப்பா போய் ஒன்றரை வருடம் கழித்துத்தான், கொட்டகையில் நிற்கிற டிராக்டரை என்ன செய்யலாம் என்று அம்மா பேச்செடுத்தார். மேஸி பெர்குசன் 1035. 1984-இல் நிலவள வங்கிக் கடனில் வாங்கியது. மன்னார்குடிப் பக்கம் எங்கள் ஊருக்கு வந்த இரண்டாவது டிராக்டர் அது. நான் வேலைக்காகத் திருச்சியில் இருக்கிறேன், நிலம் குத்தகைக்குப் போய்விட்டது. விற்க வேண்டியதுதான். என்ன விலை சொல்வது என்பதில்தான் மூன்று மாதம் ஓடியது.

மச்சான் எடுத்த எடுப்பில் இரண்டேகால் லட்சம் என்றார். எதை வைத்து என்று கேட்டேன். “பழசுக்குத்தான் மாப்ளே இப்ப மவுசு.” தரகர் ஒருவர் வந்து, வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, எண்பத்தைந்தாயிரம் தருகிறேன், நாளைக்கே எடுத்துக்கொள்கிறேன் என்றார். அந்த ‘நாளைக்கே’ எனக்கு உறுத்தியது. பழைய இரும்புக்காரரிடமும் கேட்டு வைத்தேன். டயர் கழித்து ஒன்றரை டன் தேறும், கிலோ 28 ரூபாய் என்றார். ஆக 42,000. இதற்குக் கீழே யார் கேட்டாலும் பேச வேண்டியதில்லை என்றாவது தெரிந்தது.

அப்புறம் விற்பனை விளம்பரங்களைப் பார்க்க ஆரம்பித்தேன். 80-களின் கடைசியிலும் 90-களிலும் வந்த மேஸிகளுக்கு ஒரு லட்சத்துப் பத்தாயிரத்திலிருந்து 2.40 லட்சம் வரை போட்டிருந்தார்கள். போடுகிற விலை வேறு, கைக்கு வருகிற விலை வேறு. அதனால் வாங்குகிறவன் மாதிரி பதினொரு பேருக்குப் போன் போட்டு “கடைசியா என்னங்க?” என்று கேட்டேன். எடுத்தவர்களில் ஏழு பேர் ஐந்தில் ஒரு பங்கு வரை அப்போதே இறங்கிவிட்டார்கள். வண்டி விற்றுப்போன இருவர் மட்டும் எவ்வளவுக்குப் போனது என்று உண்மையைச் சொன்னார்கள்: 88 மாடல் 1.35, 91 மாடல் 1.50. இரண்டுமே ஆர்.சி. புக்கு சுத்தமாக இருந்த வண்டிகள். மொத்தத் தேடலில் எனக்கு உதவியது இந்த இரண்டு எண்கள்தான்.

கோயம்புத்தூர்ப் பக்கமிருந்து பழைய வண்டிகள் சேர்க்கிற ஒருவரும் கூப்பிட்டார். மச்சானுக்கு முகமெல்லாம் சிரிப்பு. அவர் கேட்டதெல்லாம் நம்பர் பிளேட் தகடு, முன்கிரில், ஸ்டியரிங், பானெட் இவற்றின் படங்கள். அப்பாவோ ஓட்டத்துக்குத் தோதாக ஹெட்லைட்டை மாற்றி, மேலே தகரக் கூரை அடித்து, ஒருமுறை வாய்க்காலில் இறங்கியதில் நசுங்கிய பானெட்டையும் வேறு போட்டிருந்தார். “ஒரிஜினலா இருந்தா சொல்லுங்க சார்” என்று மரியாதையாகப் போனை வைத்துவிட்டார். மவுசு பழசுக்கு இல்லை, மாறாத பழசுக்கு. எங்கள் வண்டி உழைத்த வண்டி. அதை உழவுக்காரருக்குத்தான் விற்க முடியும்.

அப்பாவுக்கு வேலை பார்த்த மெக்கானிக் அண்ணனை வரச் சொன்னேன். வந்ததும் முதலில் பானெட்டின் மேல் கையை வைத்துப் பார்த்தார். முன்கூட்டியே ஸ்டார்ட் பண்ணிச் சூடாக்கி வைத்திருக்கிறேனா என்று பார்க்கிறாராம். “வாங்க வர்றவன் இதைத்தான் முதல்ல செய்வான்” என்றார். பிறகு ஸ்டார்ட் செய்து, ஆயில் ஊற்றுகிற மூடியைத் திறந்து உள்ளங்கையை மேலே பிடித்தார். புகை குபுகுபுவென்று வந்தால் பிஸ்டன், ரிங் வேலை வந்துவிட்டது என்று அர்த்தம். லேசாகத்தான் வந்தது. மூன்று சிலிண்டர் சிம்ஸன் இன்ஜின், நாலு வருடத்துக்கு முன்தான் பிரித்துக் கட்டியது.

அடுத்து, ஒன்பது கொழுக் கலப்பையை மாட்டித் தூக்கி நிறுத்தி இன்ஜினை அணைத்தார். “வா, டீ குடிச்சுட்டு வருவோம்.” கலப்பைக்கு நேராகக் கம்பத்தில் சாக்பீஸால் கோடு போட்டுவிட்டுப் போனோம். திரும்பி வந்தபோது கலப்பை நாலு விரற்கடை இறங்கியிருந்தது. ஹைட்ராலிக்கில் கசிவு. இதைச் சரி செய்ய 4,800 ரூபாய் ஆகும், செய்யாமல் விட்டால் வாங்குகிறவன் இருபதாயிரம் குறைப்பான் என்றார். அதைச் செய்தோம். பின் டயர் பாதிக்கு மேல் தேய்ந்திருந்தது. புது ஜோடிக்கு நாற்பதாயிரம் கேட்டார்கள். போட்டால் அந்தக் காசு திரும்பி வராது என்று விட்டுவிட்டோம். பெயின்ட் அடிக்கலாமே என்றதற்கு மட்டும் அவருக்குக் கோபமே வந்துவிட்டது. “நாப்பது வருச வண்டி பளபளன்னு நின்னா எதையோ மறைக்கிறான்னுதான் நினைப்பான். கழுவி கிரீஸ் அடி, போதும்.”

கடைசியில் விலையைப் பாதி முடிவு செய்தது ஆர்.சி. புக்குதான். 1989-க்கு முந்தைய மூன்றெழுத்து நம்பர். பதிவு காலாவதியாகி இரண்டு வருடம். கடன் 90-களிலேயே அடைத்தாயிற்று, ஆனால் புக்கில் வங்கியின் அடமானக் குறிப்பு அப்படியே இருந்தது, அப்பா அதை ரத்து செய்யவே இல்லை. தரகர் எண்பத்தைந்து சொன்னதற்குக் காரணம் இதுதான், வாயால் சொல்லவில்லை. வங்கியில் பழைய பேரேட்டைத் தேடி எடுத்துக் கடிதமும் படிவம் 35-இல் கையெழுத்தும் கொடுப்பதற்கு ஐந்து நடை. வாரிசுச் சான்றிதழ், தங்கைகளின் சம்மதக் கடிதம், என் பேருக்கு மாற்றப் படிவம் 31, பதிவைப் புதுப்பிக்கப் படிவம் 25, வண்டியைக் கொண்டுபோய்க் காட்டியது எல்லாம் சேர்த்து 14,000 ரூபாயும் ஏழெட்டு நாள் லீவும். அலுப்புதான். ஆனால் இதைச் செய்யாமல் விலை பேசியிருந்தால் பேச்சு எண்பத்தைந்தைத் தாண்டியிருக்காது.

இப்போது கணக்கு எளிது. 91 மாடல் போன 1.50-இலிருந்து டயருக்கு இருபது கழித்தேன். கட்டிய இன்ஜினுக்குப் பத்து கூட்டினேன். 1.40 வந்தால் விடலாம். 1.65 என்று போட்டேன்.

திருத்துறைப்பூண்டிப் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் மகனோடு வந்தார். சேற்றுழவுக்கு வேண்டுமாம். புது வண்டியெல்லாம் கனம், எங்கள் வயலில் புதைகிறது, இது புதையாது என்றார். இந்த ஒரு சொல்லுக்கே நான் 1.65-இல் நின்றிருக்கலாம் என்று பிறகுதான் தோன்றியது. அவரும் பானெட்டைத் தொட்டார், மூடியைத் திறந்தார், ஸ்டியரிங்கை ஆட்டிப் பார்த்தார். டீசல் மீட்டர் ஏன் அசையவில்லை என்று கேட்டதற்கு, அது நின்று இருபது வருடமாகிறது, அப்பா வேப்பங்குச்சியில் வெட்டுப்போட்டு வைத்திருந்தார், அதை டேங்குக்குள் விட்டுத்தான் பார்ப்போம் என்றேன். சிரித்தார். 1.20-இல் ஆரம்பித்து, கலப்பையோடு 1.36-இல் முடிந்தது. சேற்றில் ஓட்ட மாட்டுகிற இரும்புச் சக்கரமான கேஜ் வீலை அதில் சேர்க்கவில்லை, தனியாக 11,000 வாங்கினேன். மச்சான் இன்னும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை.

பேர் மாற்றுவதற்கான படிவம் 29, 30 இரண்டிலும் அன்றைக்கே கையெழுத்து வாங்கிக்கொண்டேன். பேர் மாறியதும் மீதி பத்தாயிரம் என்று பேச்சு. மூன்றாவது வாரம் பணத்தை அனுப்பிவிட்டுப் போன் செய்தார்.

“தம்பி, எல்லாம் வந்துருச்சு. அந்தக் குச்சியைக் காணமே?”

எரவாணத்தில் செருகியபடியே இருந்தது. மறுநாள் பஸ்ஸில் கொடுத்தனுப்பினேன்.