டிசம்பர் மழையில ஒரு சுகர் குக்கி

கிறிஸ்துமஸ்க்கு எங்க வீட்ல அச்சு முறுக்கும் முந்திரிக்கொத்தும் கட்டாயம் உண்டு, அது ரெண்டும் அம்மா பொறுப்பு, நான் அதுல கை வைக்கிறதில்ல. என் பொறுப்பு சுகர் குக்கி. ஸ்டார், மணி, மரம்னு அச்சு வெச்சு வெட்டி, சுட்டு, ஆறவெச்சு, மேல கலர் கலரா ஐசிங் போடுறது. வருஷத்துல எனக்கு ரொம்பப் பிடிச்ச வேலைன்னா இதுதான், பிள்ளைங்களுக்கும் அப்படித்தான்.

ரெசிபி யூட்யூப்ல கொட்டிக் கிடக்கு. ஆனா முக்காவாசி வெளிய பனி விழுற ஊர்ல இருந்து சொல்றது, அதை அப்படியே எடுத்து சென்னை கிச்சன்ல செஞ்சா ஸ்டார் போட்டது பூசணிப்பூ மாதிரி விரிஞ்சு வெளிய வருது, செஞ்சவங்க தனக்கு பேக்கிங்கே வராதுன்னு நெனச்சு விட்டுடுறாங்க. அது அவங்க தப்பே இல்ல. ரூம் டெம்பரேச்சர்ல இருக்கிற வெண்ணெய்னு அங்க சொல்றது 18-20 டிகிரி. நம்ம கிச்சன்ல டிசம்பர் மத்தியானம்கூட 29, 30 இருக்கும், வெண்ணெய் 32 டிகிரிக்கு மேல போனா உருகி எண்ணெயா ஓட ஆரம்பிச்சிரும், அப்போ நம்மகிட்ட மிச்சம் இருக்கிறது எவ்வளவுன்னு நீங்களே பாத்துக்கோங்க. அதனால நான் வெண்ணெயை ஃப்ரிட்ஜ்ல இருந்து எடுத்து சின்ன துண்டா வெட்டி பத்து நிமிஷம் மட்டும் வெளிய வைப்பேன், விரலால அமுக்கினா பள்ளம் விழணும் ஆனா விரல்ல பளபளன்னு ஒட்டக்கூடாது, அவ்வளவுதான்.

அளவு இது: மைதா 400 கிராம், உப்பில்லாத வெண்ணெய் 225, பொடிச்ச சர்க்கரை 200, முட்டை ஒண்ணு, வெனிலா ரெண்டு டீஸ்பூன், உப்பு அரை டீஸ்பூன். நான் ரெண்டு ஏலக்காயும் பொடிச்சுப் போடுவேன். பேக்கிங் பவுடர் வேணாம். நிறைய ரெசிபியில போடச் சொல்லுவாங்க, சும்மா சாப்பிடுற குக்கின்னா சரி, ஐசிங் போடப்போற குக்கி உப்பக்கூடாது, ஓரம் கத்தி மாதிரி நிக்கணும், மேல தட்டையா இருக்கணும். இதே காரணத்துக்காக வெண்ணெயும் சர்க்கரையும் கேக்குக்கு அடிக்கிற மாதிரி வெள்ளையா நுரைக்கிற வரைக்கும் அடிக்காதீங்க, ஒண்ணா சேர்ந்தா போதும், உள்ள போற காத்து எல்லாம் ஓவன்ல உப்பிக்கிட்டுதான் வெளிய வரும்.

மாவு சேர்ந்ததும் உருண்டையா பிடிச்சு ஃப்ரிட்ஜ்ல வெச்சுட்டு அப்புறம் கல்லு மாதிரி இருக்கிறதைத் தேய்க்கப் போராட வேணாம். மொதல்லயே ரெண்டு பேக்கிங் பேப்பருக்கு நடுவுல வெச்சு சப்பாத்திக் கட்டையால 6 மில்லிமீட்டர் கனத்துக்குத் தேய்ச்சிருங்க, ரெண்டு பக்கமும் ஒரே கனத்துல ரெண்டு மரச்சட்டம் வெச்சு அது மேல கட்டையை ஓட்டினா எல்லா இடமும் சமமா வரும். பேப்பரோட அப்படியே தட்டுல வெச்சு ஃப்ரிட்ஜ்ல ஒரு மணி நேரம். எடுத்து வெட்டு. வெட்டினதை திரும்ப ஃப்ரீசர்ல ஒரு கால் மணி நேரம் வை. அப்புறம்தான் ஓவன். ரெண்டு தடவை குளிர வைக்கிறது வீண் வேலைன்னு தோணும், ஆனா நம்ம ஊர்ல அந்த ரெண்டாவது தடவைதான் ஸ்டாரை ஸ்டாரா வெச்சிருக்கும், ஏன்னா ஜில்லுன்னு உள்ள போற மாவுல வெண்ணெய் உருகி வழியிறதுக்கு முன்னாடியே வெளி ஓரம் வெந்து இறுகிடும், வெதுவெதுன்னு போனா வெண்ணெய் முந்திக்கும்.

175 டிகிரி, 10ல இருந்து 12 நிமிஷம், ஓரம் லேசா நிறம் மாற ஆரம்பிக்கும்போது எடுத்திரணும். ஓடிஜின்னா, அதாவது வீட்ல மேஜை மேல வைக்கிற சின்ன ஓவன்னா, நடுத் தட்டுல வைங்க, பாதியில தட்டைத் திருப்பிப் போடுங்க, பெரிய ஸ்டாரையும் சின்ன மணியையும் ஒரே தட்டுல வைக்காதீங்க.

இந்த குக்கியோட பூர்வீகம் அமெரிக்காவுல பென்சில்வேனியாவுல இருக்கிற நாசரேத்னு ஒரு ஊருன்னு சொல்வாங்க. 1700கள்ல ஜெர்மனி பக்கம் இருந்து போய் அங்க குடியேறின மொராவியன் சபைக்காரங்க சுட்டது, வெண்ணெய் நிறைய போட்ட சாதாரண வட்ட பிஸ்கட். எங்க அப்பாவுக்கு சொந்த ஊரு தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத், அதனால இதைக் கேட்டதுல இருந்து அவரு இது நம்ம ஊரு பலகாரம்தான்னு வர்றவங்க எல்லார்கிட்டயும் சொல்லிட்டு இருக்காரு, நானும் மறுத்துப் பேசுறதில்ல.

இப்போ ஐசிங். ராயல் ஐசிங்னா ஐசிங் சுகரும் முட்டை வெள்ளைக்கருவும்தான். பச்சை முட்டை பெரியவங்களுக்கும் குழந்தைங்களுக்கும் கொடுக்க எனக்கு மனசு வராது, அதனால மெரிங் பவுடர் வாங்கிக்குவேன், 450 கிராம் ஐசிங் சுகருக்கு 3 மேசைக்கரண்டி பவுடர், 5 - 6 மேசைக்கரண்டி தண்ணி, கெட்டியா நிக்கிற வரைக்கும் பீட்டர்ல அடிக்கணும். ஒண்ணு கவனிங்க, மெரிங் பவுடரும் முட்டையில இருந்து எடுக்கிறதுதான். பவுடர்தானேன்னு நெனச்சு சைவமா இருக்கிற பக்கத்து வீட்டுக்குக் கொடுத்திரக்கூடாது. தீபாவளிக்கு நமக்கு தட்டு நிறைய பலகாரம் கொடுத்தவங்க, அவங்க நம்பி சாப்பிடுற மாதிரி நாமளும் கொடுக்கணும் இல்லையா. அவங்களுக்குத் தனியா செய்வேன், மாவுல முட்டைக்குப் பதிலா 3 மேசைக்கரண்டி பால், ஐசிங்குக்கு கொண்டைக்கடலை வேக வெச்ச தண்ணி. உப்பு போடாம வேக வெச்சு, அந்தத் தண்ணியைக் கொஞ்சம் சுண்ட விட்டு, ஆறவெச்சு அடிச்சா வெள்ளைக்கரு மாதிரியே நுரைச்சு வரும், ஒரு வெள்ளைக்கருவுக்கு 2 மேசைக்கரண்டி கணக்கு. கடலை வாசம் வருமான்னு கேப்பாங்க, வெனிலா போட்டு காய்ஞ்சப்புறம் வராது.

ஐசிங் ரெண்டு பதம். ஓரக்கோட்டுக்குக் கெட்டிப் பதம், ஐசிங் நிரப்பிப் பிழியிற கோன்ல இருந்து விழுந்த கோடு சரியாம அப்படியே நிக்கணும். உள்ள நிரப்புறதுக்கு அதையே சொட்டுச் சொட்டா தண்ணி விட்டு இளக்கணும், கிண்ணத்துல கத்தியால ஒரு கோடு கிழிச்சா 10ல இருந்து 15 வரை எண்ணும்போது அது மூடிக்கணும், அதுக்கு முன்னாடியே மூடினா வழிஞ்சிரும். கலருக்கு ஜெல் கலர்தான், தண்ணியா இருக்கிற கலர் பதத்தைக் கெடுத்திரும். சிவப்பு ராத்திரியோட ராத்திரியா கூடிக்கிட்டே போகும், முந்தின நாளே கலந்து ஒரு படி கம்மியா நிறுத்திக்கோங்க.

கோடு போடுறது எப்படின்னு எனக்கு உண்மையில புரிய வெச்சது எங்க எதிர்வீட்டு அக்கா. மார்கழி பிறந்தா தினமும் வாசல்ல பெரிய கோலம் போடுவாங்க. ஒரு நாள் சாயந்திரம் சும்மா பாக்க வந்தவங்க, குடு பாப்போம்னு கோனை வாங்கி ஒரு ஸ்டாருக்கு ஓரம் போட்டாங்க, அப்படி ஒரு கோடு, ஒரு நடுக்கம் இல்ல. கவனிச்சா, கோன் நுனி குக்கியைத் தொடவே இல்ல. கொஞ்சம் மேல தூக்கிப் பிடிச்சு, ஐசிங்கைக் கீழ விழ விட்டு, கை போற வழியில அதைப் படுக்க வைக்கிறாங்க. நாம எல்லாரும் பேனா பிடிச்சு எழுதுற மாதிரி அழுத்தி இழுப்போம், அதனாலதான் நெளியுது. பிள்ளைங்க அன்னைக்கு அவங்களைச் சுத்தியே உக்காந்துட்டாங்க. ஈரமா இருக்கிற சிவப்பு மேல வெள்ளைப் புள்ளி வெச்சு டூத்பிக்கால இழுத்து சின்ன சின்ன கோலமே போட்டுக் காமிச்சாங்க, அந்த குக்கியை யாரும் சாப்பிட விடலை.

காய வைக்கிறதுதான் நம்ம ஊர்ல நிஜமான சவால். டிசம்பர்ல மழை இன்னும் முழுசா விட்டிருக்காது, காத்துல ஈரம் நிறைய, ஐசிங்ல இருக்கிற தண்ணி போறதுக்கு இடமே இருக்காது. மெதுவா காயுற ஐசிங்ல சிவப்பு வெள்ளைக்குள்ள இறங்கும், நடுவுல குழி விழும். நிரப்பின உடனே மொத அரை மணி நேரம் டேபிள் ஃபேனுக்கு நேரா வைங்க, மேல ஒரு மெல்லிசு தோல் பிடிச்சிரும், பளபளப்பும் அதுலதான் வரும். அதுக்கப்புறம் ராத்திரி முழுக்க ஏசி ரூம்ல கதவை சாத்தி வைக்கணும், ஏசி காத்துல இருக்கிற ஈரத்தை எடுத்திரும். ஏசி இல்லாத வீடுன்னா ஒரு கலர் போட்டு அது நல்லா காய்ஞ்சப்புறம்தான் பக்கத்துல அடுத்த கலர், அவசரமே கூடாது. மேல அலங்காரத்துக்கு ஒட்டுற வெள்ளி நிறச் சர்க்கரை உருண்டை எல்லாம் அழகுதான், ஆனா ரொம்பக் கடினம், சின்னப் பிள்ளைங்க, பல்லு சரியில்லாத பெரியவங்க இருக்கிற வீட்டுக்கு நான் அதைப் போடுறதே இல்ல.

ஐசிங் போட்ட குக்கியை ஃப்ரிட்ஜ்ல வைக்காதீங்க, வெளிய எடுத்ததும் வேர்த்து கலர் எல்லாம் கலங்கிரும். காத்து போகாத டப்பாவுல, ஒவ்வொரு அடுக்குக்கும் நடுவுல பேப்பர் போட்டு வெளியவே வெச்சா ஒரு வாரத்துக்கு மேலயே நல்லா இருக்கும். அதனால 18, 19ஆம் தேதியே ஆரம்பிச்சிருங்க, கேரல் ரவுண்ட்ஸ் வர்ற ராத்திரி டீயோட நீட்டுறதுக்கு டப்பா ரெடியா இருக்கணும், பாடி முடிச்ச பிள்ளைங்களுக்கு தட்டை நீட்டினா எப்பவும் மொதல்ல காலியாகுறது அந்த ஸ்டார்தான், அதனால மரத்தைக் கம்மி பண்ணி ஸ்டாரை அதிகமா வெட்டிக்கோங்க.