செக்யூரிட்டி ஏஜென்சியை மாற்றிய கதை

பழைய ஏஜென்சி வேண்டாம் என்று எங்களை முடிவெடுக்க வைத்தது பதினாறு அட்டைப்பெட்டிகள். எங்களுடையது உதிரிபாகக் கிடங்கு. முன்னால் ஒரு பெரிய கேட், பின்னால் லோடு ஏற்றும் இடம், அவ்வளவுதான். ஒரு சனிக்கிழமை ராத்திரி பத்து மணிக்கு ஒரு வண்டி வந்து, கேட் பாஸைக் காட்டி, பதினாறு பெட்டியை ஏற்றிக்கொண்டு போய்விட்டது. அது போன வாரத்து கேட் பாஸ், தேதியில் ஒரே ஒரு எண்ணைப் பேனாவால் திருத்தியிருந்தார்கள், சும்மா பார்த்தாலே தெரியும். கேட்டில் இருந்தவருக்குத் தெரியவில்லை.

இரண்டு நாள் அந்த மனிதரைத் திட்டித் தீர்த்துவிட்டு, அப்புறம்தான் வருகைப் பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன். வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு டூட்டிக்கு வந்தவர், ரிலீவர் வராததால் வீட்டுக்கே போகவில்லை. வண்டி வந்தபோது அவருக்கு 38-வது மணி நேரம். நடுவில் நாற்காலியிலேயே கொஞ்சம் கண்ணயர்ந்திருப்பார், வேறென்ன செய்வார். டாசன், ரீட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1997-ல் நேச்சர் இதழில் எழுதியதைப் பிறகு படித்தேன். 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருந்தாலே, ரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் உள்ளவர் அளவுக்கு ஒருவர் தடுமாறுவாராம். குடித்துவிட்டு டூட்டிக்கு வந்தால் அன்றைக்கே வேலையை விட்டுத் தூக்குகிற நாங்கள், தூங்காமல் வந்தவரிடம் சாவியைக் கொடுத்து வைத்திருந்தோம்.

சரி, புது ஏஜென்சி தேடலாம் என்று இறங்கினோம். யாரையும் கூப்பிடுவதற்கு முன்னால், கேட்டில் நிற்பவர் என்னென்ன செய்ய வேண்டும் என்று நானும் கிடங்குப் பொறுப்பாளரும் உட்கார்ந்து எழுதிப் பார்த்தோம். அரைப் பக்கத்துக்கு மேல் பேனா நகரவில்லை. இத்தனை வருஷமும் "பார்த்துக்கோங்க" என்று சொல்லியே ஓட்டியிருக்கிறோம், எதைப் பார்ப்பது என்று ஒரு நாளும் சொன்னதில்லை. யாருடைய கையெழுத்து இருந்தால் பொருள் வெளியே போகலாம், எத்தனை மணிக்கு மேல் எந்தக் கையெழுத்து இருந்தாலும் போகக் கூடாது, தீ பிடித்தால் முதல் போன் யாருக்கு, மாற்றுச் சாவி எங்கே, திருடன் ஓடினால் துரத்த வேண்டுமா (வேண்டாம், வண்டி எண்ணைக் குறித்தால் போதும்), எங்கள் ஆட்களின் பையையே திறந்து பார்க்கலாமா என்று ஒவ்வொன்றாக வாதாடி முடித்தபோது இரண்டு பக்கம் வந்தது. கையெழுத்து மாதிரிகளைக் காவலர் அறையின் உள்சுவரில் ஒட்ட வேண்டும் என்பதும் அப்போதுதான் தோன்றியது. அது ஒட்டியிருந்தால்கூடப் போதும், ஒருவேளை அந்தப் பதினாறு பெட்டி போயிருக்காது.

ஏழு ஏஜென்சியிடம் கொட்டேஷன் கேட்டோம். மொத்தத் தொகையாக ஒற்றை எண் கொடுக்காதீர்கள், காவலர் கையில் போகும் சம்பளம், ஓவர்டைம், விடுப்புச் சம்பளம், காப்பீடு, சீருடை, உங்கள் சர்வீஸ் சார்ஜ் எல்லாம் தனித்தனியாக வேண்டும் என்று கேட்டோம். இரண்டு பேர் அதோடு பேச்சை நிறுத்திக்கொண்டார்கள், நல்லதாகப் போயிற்று.

கணக்கு ஒன்றும் பெரிய கணக்கில்லை. ஒரு கேட்டில் நாள் முழுக்க ஆள் வேண்டும் என்றால் வாரத்துக்கு 168 மணி நேரம். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1919-ல் கொண்டுவந்த முதல் உடன்படிக்கையே நாளுக்கு 8, வாரத்துக்கு 48 மணி நேரம் என்றுதான் சொல்கிறது. 168-ஐ 48-ஆல் வகுத்தால் மூன்றரை ஆள். காய்ச்சல், கல்யாணம், சாவு என்று விடுப்பும் சேர்த்தால் நாலு பேருக்குக் குறைந்து அந்தக் கேட்டை ஒழுங்காக ஓட்ட முடியாது. ஆனால் எல்லாரையும்விட மலிவாகச் சொன்னவர் ஒரு கேட்டுக்கு இரண்டே பேர் போட்டிருந்தார். ஆளுக்கு வாரம் 84 மணி நேரம், விடுமுறையே கிடையாது, ஒருவருக்குத் தலைவலி வந்தால் இன்னொருவருக்கு 24 மணி நேரம். அவருடைய தொகையிலிருந்து சட்டப்படி கொடுக்க வேண்டிய கூலியையும் மற்றதையும் கழித்துப் பார்த்தேன், மிச்சம் மைனஸில் வந்தது. கைக்காசு போட்டு எங்களுக்குக் காவல் காக்க அவர் ஒன்றும் தர்மச் சத்திரம் நடத்தவில்லை. எங்கோ ஒருவர் வயிற்றில் அடித்துத்தான் அந்த விலை வருகிறது. பழைய ஏஜென்சியின் கொட்டேஷனைத் தேடி எடுத்தேன், அதிலும் இரண்டு பேர்தான், அன்றைக்குக் குறைந்த விலை என்று சந்தோஷப்பட்டுக் கையெழுத்துப் போட்டவன் நான்.

காகிதம் பார்க்கும் வேலை சீக்கிரம் முடிந்தது. உரிமத்தில் உள்ள பெயரும் கொட்டேஷனில் உள்ள பெயரும் ஒன்றா, காலாவதி தேதி என்ன, எங்களுக்கு அனுப்பப் போகும் ஆட்களின் பின்னணி சரிபார்த்த காகிதம் இருக்கிறதா என்பதுதான். ஒருவருடைய உரிமம் வேறொரு பெயரில் இருந்தது. கேட்டால், "அதுவும் நம்ம கம்பெனிதான் சார்" என்றார். சரி, போய்வாருங்கள்.

இன்னொருவர் பெரிய திரை எல்லாம் போட்டுக் காட்டி, பதினாறு கேமராவை ஒரே ஆள் ராத்திரி முழுக்கப் பார்த்துக்கொள்வார், காவலர் எண்ணிக்கையைக் குறைத்துவிடலாம் என்றார். மேக்வொர்த் என்ற உளவியலாளர் 1948-லேயே இதைச் சோதித்திருக்கிறார், போர்க்கால ரேடார் திரையைப் பார்ப்பவர்கள் ஏன் கோட்டை விடுகிறார்கள் என்பதற்காக. கடிகார முள் எப்போதாவது இரட்டைத் தாவல் தாவும், அதைக் கண்டுபிடிக்க வேண்டும். முதல் அரை மணி நேரத்திலேயே தவறவிடுவது கூடிவிட்டது. அதனால் திரை முன்னால் இருப்பவரை எத்தனை நேரத்துக்கு ஒருமுறை மாற்றுவீர்கள் என்று கேட்டேன். "எங்க ஆளுங்க எல்லாம் ரொம்ப ஷார்ப் சார்" என்று பதில் வந்தது.

கடைசியில் இரண்டு ஏஜென்சி மிஞ்சியது. இரண்டுமே காகிதத்தில் சுத்தம். அவர்களுடைய ஆட்கள் காவல் இருக்கும் இடங்களில் எனக்குத் தெரிந்த மேலாளர்கள் இருந்ததால், அவர்களிடம் மட்டும் சொல்லிவைத்துவிட்டு ராத்திரியில் போய்ப் பார்த்தேன்.

முதல் இடத்துக்கு 2.40-க்குப் போனேன். மேலாளரும் கூட வந்தார். காவலர் முழித்துத்தான் இருந்தார், எழுந்து சல்யூட் அடித்தார். மேசை மேல் ரவுண்ட்ஸ் ரிஜிஸ்டர் திறந்து கிடந்தது. மணிக்கொரு கட்டம். ஒரு மணி, கையெழுத்து. இரண்டு மணி, கையெழுத்து. மூன்று, நாலு, ஐந்து எல்லாவற்றிலும் அதே நீலப் பேனா, அதே சாய்வு, 'எல்லாம் சரி' என்று குறிப்பு வேறு. ஐந்து மணி வருவதற்கு இன்னும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்தது. நான் பார்ப்பதைப் பார்த்ததும் அவர் கை தானாகப் பக்கத்தை மூடப் போனது. வயசானவர். "ரவுண்ட்ஸ் போயிடுவேன் சார். எழுதறதை மட்டும் முன்னாடியே முடிச்சுடுவேன், இந்த வெளிச்சத்துல கண்ணு தெரியறதில்ல" என்றார். அந்த அறையில் ஒரு சின்ன பல்பு, அதுவும் கூரை மூலையில். அவர் சொன்னது பாதியாவது உண்மைதான். சம்பளம் எப்போது வரும் என்று கேட்டேன். "இருபது தேதி தாண்டிடும் சார்" என்று மெதுவாகச் சொன்னார்.

இரண்டாவது இடத்தில் என்னை உள்ளேயே விடவில்லை. மேலாளர் அன்று வரவில்லை, நான் வருவதைக் கேட்டில் சொல்லவும் மறந்துவிட்டார். காவலர் கேட்டைத் திறக்காமலே பெயர் கேட்டு, போன் போட்டு, மறுமுனையில் எடுக்காததால் திரும்பப் போட்டு, எட்டு நிமிஷம் என்னைத் தூறலில் நிற்க வைத்தார். எரிச்சலாக இருந்தது, ஆனால் மூன்றாவது நிமிஷத்திலேயே மனசுக்குள் இந்த ஏஜென்சிதான் என்று ஆகிவிட்டது. உள்ளே போனபின் அவரிடம் விசாரித்ததில் அங்கே மூன்று வருஷமாக இருக்கிறார், சம்பளம் ஏழாம் தேதிக்குள். பேசிக்கொண்டிருக்கும்போதே சூப்பர்வைசர் பைக்கில் வந்து இறங்கினார், நான் யார் என்று அவருக்கும் தெரியாது.

ஒப்பந்தம் பேசத்தான் மூன்று வாரம் ஆனது. அவர்கள் நீட்டிய காகிதத்தில், அவர்கள் ஆள் தவறால் எவ்வளவு நஷ்டம் ஆனாலும் ஒரு மாத பில் தொகைக்கு மேல் பொறுப்பில்லை என்று சின்ன எழுத்தில் இருந்தது. அதை அவர்களுடைய காப்பீட்டுத் தொகை அளவுக்கு உயர்த்தினோம். வேலையை வேறு ஏஜென்சிக்குக் கைமாற்றக் கூடாது, யாரும் தொடர்ந்து 12 மணி நேரத்துக்கு மேல் நிற்கக் கூடாது, ரிலீவர் வராவிட்டால் சூப்பர்வைசரே நிற்க வேண்டும், ஒவ்வொரு பில்லோடும் போன மாதச் சம்பளம் போட்ட ஆதாரம் வேண்டும், காரணம் சொல்லாமலே 30 நாள் நோட்டீஸில் விலகலாம், புது ஆள் ஒரு நாளாவது பழைய ஆளோடு நின்று பழகாமல் தனியாக டூட்டி பார்க்கக் கூடாது. எங்கள் இரண்டு பக்கத்தையும் இணைப்பாகச் சேர்த்தோம்.

அவர்கள் பக்கத்திலிருந்தும் கேட்டார்கள். காவலர் அறையில் நல்ல விளக்கு, சாய்மானம் உள்ள நாற்காலி, கழிப்பறைச் சாவி. அப்புறம் பில். "நீங்க பில்லை ரெண்டு மாசம் இழுத்தா நான் ஏழாம் தேதி எப்படி சார் சம்பளம் போடறது?" என்று உரிமையாளர் நேராகவே கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. பழைய ஏஜென்சிக்கு நாங்கள் சராசரியாக 75 நாளில்தான் பணம் கொடுத்துக்கொண்டிருந்தோம்.

எட்டு மாதம் ஆகிவிட்டது. பெட்டி எதுவும் குறையவில்லை. ஒருமுறை மட்டும் சொதப்பியது. ராத்திரி ஆளுக்கு உடம்பு முடியாமல் போக, எங்கள் கேட்டையே பார்த்திராத புதுப் பையன் ஒருவரை அனுப்பினார்கள். ஒப்பந்தத்தைக் காட்டித் திருப்பி அனுப்பிவிட்டேன், சூப்பர்வைசரோ இன்னொரு இடத்தில் ரிலீவருக்குப் பதிலாக நின்றுகொண்டிருந்தார். காலை ஆறு வரை நானே உட்கார்ந்தேன். மூன்று மணி ரவுண்ட்ஸ் முடித்து வந்து ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போடும்போது, நாலு மணிக் கட்டத்திலும் சேர்த்துப் போட்டுவிடலாமா என்று பேனா ஒரு நொடி நின்றது.