கொட்டுதலும் மெலிதலும்

தீபாவளியன்று எடுத்த ஒரு படத்தில் நான் குனிந்து விளக்கேற்றிக்கொண்டிருந்தேன். அதில் தெரிந்த என் வகிடு, நான் நாள்தோறும் கண்ணாடியில் பார்க்கும் வகிட்டைவிட இரு மடங்கு அகலமாக இருந்தது. அப்போது எனக்கு வயது 39. முடிக்காக நான் செலவழிக்கத் தொடங்கி ஏற்கெனவே மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன.

அம்மா இங்கே சிங்கப்பூரின் தேக்காவில் கரிசலாங்கண்ணி வாங்கி எண்ணெய் காய்ச்சித் தந்தார். கடைத்தொகுதி ஒன்றிலிருந்த முடிப் பராமரிப்பு நிலையத்தார் சிறு கேமராவால் உச்சந்தலையைக் காட்டி, வேர்கள் அடைபட்டிருப்பதாகச் சொல்லி, பத்து அமர்வுகளுக்கு 2,000 வெள்ளிக்கு மேல் வாங்கிக்கொண்டார்கள். எண்ணெயால் மணமாவது மிஞ்சியது.

இறுதியில் பலதுறை மருந்தகத்திற்குச் சென்றேன். அங்கிருந்து பரிந்துரைக் கடிதம் பெற்றால் சிறப்பு மருத்துவரை மானியக் கட்டணத்தில் பார்க்க முடியும் என்பதால், அந்த வழியைத் தவிர்க்க நான் விரும்பவில்லை. தைராய்டு, ரத்த அணுக்கள், உடலில் இரும்பு எவ்வளவு சேமிப்பில் உள்ளது என்பதைக் காட்டும் ஃபெரிட்டின் ஆகியவற்றைச் சோதித்தார்கள். முடிக்காக நான் விழுங்கிக்கொண்டிருந்த பயோட்டின் மாத்திரை தைராய்டு சோதனையின் முடிவையே பிறழச் செய்யக்கூடும் என்று கூறி, சில நாள்களுக்கு முன்பே நிறுத்தச் சொன்னார்கள். இதை மாத்திரை விற்ற கடையில் எவரும் சொல்லவில்லை. ஃபெரிட்டின் குறைவாக இருந்தது. ஆனால் அது மட்டுமே காரணமாக இருக்காது என்று கடிதம் எழுதித் தந்தார் மருத்துவர்.

சில வாரங்கள் கழித்துச் சந்தித்த தோல் மருத்துவரிடம் "முடி கொட்டுகிறது" என்றேன். ஒரு நாளைக்கு எத்தனை என்று அவர் கேட்டபோது, குளியலறையில் எண்ணிவைத்திருந்த கணக்கைப் பெருமையுடன் ஒப்பித்தேன். நாளொன்றுக்கு 50 முதல் 100 வரை உதிர்வது இயல்பே என்றும், என் கணக்கு அதற்குள்தான் அடங்குகிறது என்றும் அவர் சொன்னதும் எனக்குச் சற்று வெட்கமாகிவிட்டது. பிறகு தோலைப் பெரிதாக்கிக் காட்டும் டெர்மோஸ்கோப்பை உச்சந்தலையில் வைத்து, தடித்த முடிகளுக்கு நடுவே பூனைமுடி போன்ற மெல்லிய முடிகள் கலந்து நிற்பதைத் திரையில் காட்டினார். ஒவ்வொரு முறை உதிர்ந்து முளைக்கும்போதும் முடி முன்பைவிட மெலிந்தும் குட்டையாகவும் வருகிறது. நெற்றியோரம் அப்படியே இருக்க, வகிடு மட்டும் விரிகிறது. பெண்களின் இத்தகைய முடி மெலிவுக்கு 1977இல் மருத்துவர் லுட்விக் வகுத்த மூன்று நிலைகளில் என்னுடையது இரண்டாவது. 'கொட்டுகிறது' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு மூன்று ஆண்டுகளாகத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்; பார்த்திருக்க வேண்டியது தலையை.

முடி வளர உதவும் மருந்தான 5 விழுக்காடு மினாக்சிடில் நுரையை நாளுக்கு ஒருமுறை தடவச் சொன்னார். மாத்திரையாக உட்கொள்ளும் ஸ்பைரோனோலாக்டோன் பற்றியும் விளக்கினார். கருவுற்றிருக்கும்போது அதை எடுக்கக் கூடாது, ரத்தத்தில் பொட்டாசியத்தையும் கவனிக்க வேண்டியிருக்கலாம். இப்போதைக்கு நுரை போதும் என்று முடிவெடுத்தோம்.

நம் ஊர் வெப்பத்தில் அந்த நுரை விரலிலேயே கரைந்துவிடுகிறது. கையைக் குளிர்ந்த நீரில் நனைத்துத் துடைத்த பிறகே தொட வேண்டும். தலை காய்ந்திருக்க வேண்டும். நெற்றியில் வழிந்தால் அங்கும் முடி முளைக்கலாம். ஆறாவது வாரத்தில் உண்மையாகவே கொத்துக் கொத்தாக உதிரத் தொடங்கியது. பழைய முடியைத் தள்ளிக்கொண்டு புதிய முடி வரும்போது அப்படி ஆகலாம் என்று மருத்துவர் முன்பே எச்சரித்திருந்ததால் மட்டுமே நிறுத்தாமல் இருந்தேன். அம்மாவோ அந்த மருந்தைத் தூக்கி எறியச் சொன்னார்.

மாதம் ஒருமுறை அதே குளியலறை விளக்கின் கீழ், அதே கோணத்தில் மகள் படமெடுக்கிறாள். ஐந்தாம் மாதம் வரை வேறுபாடு தெரியவில்லை. எட்டாம் மாதப் படத்தில் வகிடு சற்றே ஒடுங்கியிருந்தது. நுரையை நிறுத்தினால் கிடைத்ததும் சில மாதங்களில் போய்விடும் என்பதால், அது இனி பல் துலக்குவதைப் போன்ற நாள்வேலைதான். அம்மாவின் எண்ணெயை வார இறுதியில், தலைக்குக் குளிப்பதற்குச் சற்று முன்பு தேய்த்துக்கொள்கிறேன். அதற்கு மருத்துவரும் தடை சொல்லவில்லை.