ஒரு வாரம், ஒரே ஊர்: ஒசாகாவில் தங்கிச் சுற்றுவது எப்படி

ஜப்பானில் ஒரு வாரம் என்றதும் டோக்கியோ, ஹக்கோனே, கியோட்டோ, ஹிரோஷிமா என்று அடுக்கினால் பாதி விடுமுறை பெட்டி கட்டுவதிலேயே போய்விடும். அங்கே பெரும்பாலான ஹோட்டல்களில் அறை மாலை 3 மணிக்குத்தான் கிடைக்கும். காலி செய்வதோ காலை 10, 11 மணிக்கு. ஊர் மாறும்போதெல்லாம் அரை நாள் வீண். ஒசாகாவிலேயே தங்கிப் பக்கத்து ஊர்களுக்குப் போய்வாருங்கள்.

ஹோட்டல் பதிவு செய்வதற்கு முன்னால், எந்தெந்த ஊர் என்று முடிவு செய்யுங்கள். ஹிமேஜி கோட்டை முக்கியமென்றால் ஒசாகாவின் உமேதா பகுதியில் தங்கலாம், அங்குள்ள ஜே.ஆர். (ஜப்பான் ரயில்வே) ஒசாகா நிலையத்திலிருந்து ஷின்-கைசொகு என்ற விரைவு ரயிலில் ஒரு மணி நேரம்தான். நாரா, மலைமேல் இருக்கும் கோயில் ஊரான கோயாசான் என்றால் நம்பா பகுதிதான் சரி. ஆனால் நம்பா என்ற பெயரில் பல நிலையங்கள் உண்டு: நாராவுக்குக் கின்டெட்சு என்ற தனியார் ரயில் நிறுவனத்தின் ஒசாகா-நம்பா, கோயாசானுக்கு நங்காய் நிறுவனத்தின் நம்பா. மாறிப் போய் நின்றால் ரயில் போய்விடும்.

நாராவுக்கு நாற்பது நிமிடம். கின்டெட்சு நாரா நிலையம் மான்கள் திரியும் பூங்காவுக்கு மிக அருகில், ஜே.ஆர். நாராவில் இறங்கினால் கூடுதல் நடை. கையில் காகிதம் இருந்தால் மான்கள் கடித்து இழுக்கும், பைக்குள் வைத்துவிடுங்கள். நாராவின் தோதாய்ஜி கோயிலில் உள்ள பெரிய புத்தர் சிலைக்கு 752ஆம் ஆண்டு கண் திறந்துவைத்தவர் இந்தியாவிலிருந்து சென்ற புத்த துறவி போதிசேனர். அதை நினைத்துக்கொண்டு பார்ப்பது தனி அனுபவம்.

கோயாசானை ஒரே நாளில் முடிக்காதீர்கள். கொகுராகுபாஷி வரை ரயில், பிறகு கேபிள் கார், மேலே பேருந்து என்று போகவே இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். மேல் நிலையத்திலிருந்து ஊருக்குள் செல்லும் சாலையில் நடக்க அனுமதியில்லை, பேருந்துதான். கோயில் விடுதியில் ஓர் இரவு தங்குங்கள். இரவு உணவு ஐந்தரை, ஆறு மணிக்கே வந்துவிடும் என்பதால் ஐந்துக்குள் சேர்ந்துவிட வேண்டும். ஷோஜின் எனப்படும் மரபான கோயில் சைவச் சமையலில் மீன் மட்டுமல்ல, வெங்காயம், பூண்டும் கிடையாது. ஒசாகாவில் மிசோ சூப், உதோன் நூடுல்ஸின் குழம்பு எல்லாவற்றிலும் பெரும்பாலும் மீன் சாறு இருக்கும். சைவர்களுக்குக் கோயாசான் பெரிய ஆறுதல். ஒசாகா ஹோட்டலை அந்த இரவுக்கு முன்னும் பின்னுமாக இரண்டாகப் பதிவு செய்து, பெரிய பெட்டியை அங்கேயே ஒப்படைத்துவிடலாம்.

கியோட்டோவுக்கு ஒசாகாவின் யோதொயாபாஷி நிலையத்திலிருந்து கெய்ஹான் நிறுவனத்தின் ரயில் நல்லது, நேராக கியோன் என்ற பழைய பகுதியின் பக்கம் இறக்கிவிடும்.

முன்பதிவு தேவைப்படுவது தங்குமிடங்களுக்குத்தான். இந்தப் பயணங்களுக்குச் சாதாரண ரயில்களே போதும். ஆகவே காலையில் வானிலை பார்த்து ஊரை மாற்றிக்கொள்ளலாம். ரயில் கட்டணத்துக்கான இக்கோகா (ICOCA) கார்டில் பணம் ஏற்றிக்கொண்டால் போதும். 7 நாள் ஜப்பான் ரயில் பாஸ் 2023 அக்டோபரில் 50,000 யென் ஆகிவிட்டது. இந்தத் திட்டத்துக்கு அது தண்டச் செலவு. ஏப்ரல் கடைசி முதல் மே 5 வரையிலான விடுமுறைக் கூட்டத்தைத் தவிருங்கள். திங்கட்கிழமை பல அருங்காட்சியகங்கள் மூடியிருக்கும். வெளியூருக்கு அதுவே தோதான நாள்.

கடைசி நாள் நம்பாவிலிருந்து நங்காய் ரயில் முக்கால் மணி நேரத்தில் கன்சாய் விமான நிலையம் சேர்க்கும். ஜே.ஆர். ஒசாகாவில் ஏறுபவர்கள் 1 முதல் 4 வரையுள்ள பெட்டிகளில் உட்காருங்கள். வழியில் ஹினேனோ நிலையத்தில் ரயில் இரண்டாகப் பிரியும், பின்பாதி வக்கயாமாவுக்குப் போய்விடும்.