மான், ரேடார், நம்பர் பிளேட்

2023 நவம்பர் 4, சனி. சான் ஆன்டோனியோ, டெக்சஸ்

என் பிக்கப் டிரக்குக்கான புதிய இரும்பு முன் பம்பர் வந்துவிட்டது. மனைவியின் குளியலறைத் தராசில் ஒரு முனையையும் பிறகு மறு முனையையும் வைத்துக் கூட்டினேன்: 72 கிலோ. தராசு பிழைத்துக்கொண்டது. மனைவியிடம் சொல்லவில்லை.

போன மாதம் 281-ஆம் நெடுஞ்சாலையில் ஜான்சன் சிட்டியிலிருந்து இருட்டும் நேரத்தில் திரும்பும்போது ஒரு மான் குறுக்கே வந்தது. ரேடியேட்டர் தப்பியது, மான் தப்பவில்லை. என் ஃபோர்டு எஃப்-150 டிரக்கின் பழைய குரோம் பம்பர் பாதி உள்ளே போய்விட்டது. இந்தப் பக்கத்து மலைகளில் நவம்பர்தான் மான்கள் துணை தேடித் தலைதெறிக்க ஓடும் மாதம். அதனால்தான் இந்த முறை கெட்டி இரும்பு.

என் கவலையெல்லாம் பம்பருக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் உள்ளங்கை அளவு ரேடாரைப் பற்றித்தான். முன்னே போகும் வண்டிக்கு ஏற்ப வேகத்தைத் தானே கூட்டிக் குறைக்கும் அடாப்டிவ் குரூஸ் அதை நம்பித்தான் ஓடுகிறது. மகளைப் பார்க்க மாதம் இருமுறை ஹூஸ்டனுக்கு 200 மைல் ஓட்டுகிறவனுக்கு அது ஆடம்பரம் இல்லை.

பேட்டரியின் எதிர்முனையைக் கழற்றிவிட்டுப் பழைய பம்பரை இறக்கினேன். பார்க்கிங் சென்சார்களைப் பிடுங்கும்போது ஒன்றின் பிடிப்பு உடைந்தது.

நவம்பர் 5, ஞாயிறு

இன்று கோடைக்கால நேரம் முடிந்து கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளிய நாள். ஆறு மணிக்கெல்லாம் இருட்டு. பக்கத்து வீட்டுக்காரர் ஜாக்கியோடு வந்தார். வேலையிலிருந்து ஓய்வுபெற்ற மெக்கானிக். பம்பர் ஏறும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. ஏறியதும், "ரேடாரை எப்படி நேராக வைத்தாய்?" என்று மட்டும் கேட்டார். "கண்ணளவில்" என்றேன். சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

ரேடாருக்கென்று ஒரு தாங்கியும் நீட்டிப்பு வயரும் பம்பரோடு வந்திருந்தன. இரும்புக்குப் பின்னால் வைத்தால் ரேடார் குருடு. 77 கிகாஹெர்ட்ஸ் அலை பிளாஸ்டிக்கை ஊடுருவும், உலோகத்தில் பட்டால் திரும்பி வந்துவிடும். அதற்காகவே பம்பரின் நடுவில் ஒரு சன்னல் வெட்டியிருக்கிறார்கள். அதன் வழியாக ரேடார் வெளியே பார்க்கிறது.

தெருமுனையைத் தாண்டுவதற்குள் திரையில் செய்தி: முன் சென்சார் நேராக இல்லை.

நவம்பர் 6, திங்கள்

அலுவலகத்தில் மதிய உணவு நேரத்தில் காகிதத்தில் கணக்குப் போட்டேன். ரேடார் பக்கவாட்டில் ஒரு டிகிரி திரும்பினால் 100 மீட்டர் தூரத்தில் பார்வை 1.75 மீட்டர் தள்ளிப் போகிறது. இங்கே நெடுஞ்சாலைத் தடத்தின் அகலம் 12 அடி, அதாவது 3.66 மீட்டர். இரண்டு டிகிரி பிசகினால் பக்கத்துத் தடத்தில் போகும் லாரியை என் முன்னால் இருப்பதாக நினைத்து வண்டி பிரேக் போடும். அது பரவாயில்லை. முன்னால் இருப்பவனைப் பக்கத்துத் தடத்தில் இருப்பதாக நினைத்தால்?

மேலும் கீழும் வரும் பிசகுக்கு இன்னொரு காரணமும் உண்டு, அது என் கைவண்ணம். போன ஆண்டு அழகுக்காக முன்பக்கத்தை இரண்டு அங்குலம் உயர்த்தினேன். சக்கரங்களுக்கு இடையே 145 அங்குலம் என்றால் மூக்கு 0.8 டிகிரி மேலே பார்க்கிறது. அதைப் பொறுத்துக்கொண்ட ரேடார், தாங்கியின் சாய்வும் சேர்ந்ததும் கைவிட்டுவிட்டது.

நவம்பர் 8, புதன்

கடையில் சிறிய ரசமட்டம் ஒன்று வாங்கினேன். ஊரில் வீடு கட்டியபோது கொத்தனார் சுவருக்கு வைத்துப் பார்த்த அதே சாமான்தான், கொஞ்சம் குட்டை. சமதளமான இடத்தில் வண்டியை நிறுத்தி, டயர் காற்றைச் சரிபார்த்து, ரேடாரின் முகத்தில் செங்குத்தாக வைத்தேன். குமிழி ஓரத்தில் போய் ஒட்டிக்கொண்டது. தாங்கியின் மேல் போல்ட்டுகளுக்கு அடியில் வாஷர் கொடுத்தேன். ஒன்று, இரண்டு, மூன்று. மூன்றாவதில் குமிழி நடுவுக்கு வந்தது. நூறு டாலருக்கு மேல் செலவாகும் என்று பயந்த காரியத்தை மூன்று வாஷர் முடித்துவிட்டன.

நவம்பர் 9, வியாழன்

வேலை முடிந்ததும் மடிக்கணினியில் ஃபோர்டு வண்டிகளின் கணினியோடு பேசும் ஃபோர்ஸ்கேன் மென்பொருளைத் திறந்து ரேடாரைச் சீரமைக்கும் கட்டளையைக் கொடுத்துவிட்டு, இன்டர்ஸ்டேட் 10 நெடுஞ்சாலையில் கம்ஃபர்ட் ஊரை நோக்கி ஓட்டினேன். இதில் ஓட்டுவதுதான் வைத்தியம். நேராகப் போகும்போது சாலையோரத் தடுப்புகளும் பலகைகளும் வண்டிக்கு இணையான கோட்டில் பின்னோக்கிப் போக வேண்டும். ரேடார் கோணலாக இருந்தால் அந்தக் கோடு சாய்வாகத் தெரியும். எவ்வளவு சாய்கிறது என்று பார்த்துத் தன் பிசகைத் தானே கண்டுபிடித்து மனத்தில் குறித்துக்கொள்கிறது. பிசகு சிறியதாக இருந்தால் சரி. அதிகமென்றால் மறுபடியும் ஸ்பேனரை எடுக்க வேண்டியதுதான்.

வழியில் பெர்னி ஊரைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் செய்தி மறைந்தது. திரும்பும் வழியெல்லாம் குரூஸ் போட்டுக்கொண்டே வந்தேன். வழக்கமாகக் கஞ்சத்தனமாக இருக்கும் என் வாய் பாடிக்கொண்டிருந்தது.

நவம்பர் 10, வெள்ளி

பாடியிருக்கக் கூடாது. டெக்சஸில் முன்பக்கமும் நம்பர் பிளேட் கட்டாயம். ஆகவே காலையில் பம்பரில் துளைகள் இருந்த இடத்திலேயே அதைத் திருகினேன். நெடுஞ்சாலை ஏறியதும் புதிய செய்தி: சென்சார் மறைக்கப்பட்டுள்ளது.

வேலைக்குத் தாமதம் என்றாலும் ஓரங்கட்டி இறங்கிப் பார்த்தேன். துளைகள் சரியாக ரேடார் சன்னலுக்கு முன்னால். சன்னலை வெட்டியவரும் துளை போட்டவரும் ஒரே தொழிற்சாலையில் ஒருவரையொருவர் பார்த்ததே இல்லை போலிருக்கிறது. எனக்கும் மூளை வேலை செய்யவில்லை, அலுமினியத் தகட்டை என் கையால்தானே திருகினேன்.

மாலையில் ஓட்டுநர் பக்கமாகத் தள்ளிப் புதிய துளைகள் போட்டு மாட்டினேன். துளையின் ஓரத்தில் துரு பிடிக்காமல் இருக்க மனைவியின் கறுப்பு நகப்பூச்சு. இதையும் சொல்லவில்லை.

நவம்பர் 11, சனி. ஹூஸ்டன்

நாளை தீபாவளி. மகளின் அறையில்தான். முறுக்கு டப்பாவை மடியில் வைத்துக்கொண்டே மனைவி தூங்கிவிட்டார். ஹூஸ்டனுக்குச் சற்று முன்னால் கேட்டி ஊரை நெருங்கும்போது வழக்கமான நெரிசல். ஒரு சரக்கு லாரி பக்கத்துத் தடத்தில் வெகுநேரம் கூடவே வந்தது. வண்டி அதைக் கண்டுகொள்ளவில்லை. பிறகு ஒரு கார் எனக்கு முன்னால் நுழைந்தது. வேகம் 70 மைலிலிருந்து 55-க்கு இறங்கியது. முறுக்கு டப்பா அசையவில்லை, மனைவி விழிக்கவில்லை.

பார்க்கிங் சென்சார் மட்டும் இன்னும் யாரும் இல்லாத இடத்தில் கத்துகிறது. பிடிப்பு உடைந்தது அதுதான். தீபாவளி முடியட்டும்.