காலைல சப்பிப் போயிருந்த ஹோஸ்

கார்ல ஏற்காடு ஏறும்போது 12வது கொண்டை ஊசி வளைவு தாண்டினதும் டெம்பரேச்சர் முள்ளு சிவப்புக் கோட்டுகிட்ட போயிடுச்சு. ஏசிய ஆஃப் பண்ணி, ஹீட்டர ஃபுல்லா வச்சு ஓரங்கட்டினேன். பானட்டைத் திறந்தா ரேடியேட்டரோட ஸ்பேர் டேங்க் நிரம்பி வழிஞ்சு, இன்ஜினைக் குளிர வைக்கிற பச்சைக் கூலன்ட் ரோட்டுல ஓடுது. ரேடியேட்டர் மூடில கைய வைக்கவே இல்ல, சூட்டுல அதைத் திறந்தா முகமே வெந்துடும், முக்கால் மணி நேரம் ஆறவிட்டு மெதுவா சேலத்துக்கு இறக்கிட்டேன்.

ஒர்க்‌ஷாப்ல பார்த்ததும் ஹெட் கேஸ்கெட் (இன்ஜினுக்கும் அதோட மேல் மூடியான ஹெட்டுக்கும் நடுவுல இருக்கிற சீல்) போயிருக்கு, ஹெட்ட இறக்கணும், 25,000 ஆகும்னாங்க. பகீர்னு இருந்துச்சு. ஆனா கேஸ்கெட் போனதுக்கு அறிகுறியா ஆயில்ல பால் மாதிரி நிறம் இல்ல, வெள்ளைப் புகை இல்ல, ஃபேன் ஓடுது, கூலன்ட் போற வழியத் திறந்து மூடுற தெர்மோஸ்டாட் போன மாசம்தான் மாத்தினது, மனசு ஒத்துக்கல, வண்டிய வீட்டுக்கே எடுத்துட்டு வந்துட்டேன்.

மறுநாள் காலைல ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி பானட்டைத் திறந்தேன். ரேடியேட்டரோட மேல் ஹோஸ் யாரோ கையால பிழிஞ்ச மாதிரி சப்பிப் போய்க் கிடக்குது, ஸ்பேர் டேங்க் மட்டும் கழுத்து வரைக்கும் இருக்கு. தெரிஞ்ச மெக்கானிக் அண்ணனுக்கு போன் போட்டேன், "தம்பி, ஆறித்தானே இருக்கு, மூடியக் கழட்டிப் பாரு"ன்னாரு. கழட்டினதும் புஸ்ஸுனு காத்து உள்ள போச்சு, ஹோஸ் அப்படியே உப்பி எழுந்துச்சு.

அந்த மூடிக்குள்ள ரெண்டு வால்வு இருக்கு. ஒண்ணு பிரஷரப் பிடிச்சு வைக்கும், இன்னொண்ணு இன்ஜின் ஆறும்போது டேங்க்ல இருந்து கூலன்ட்ட திரும்ப உள்ள இழுக்க விடும். எனக்கு ரெண்டுமே அவுட். அண்ணன் பிரஷர் டெஸ்டர் வச்சு ரேடியேட்டருக்கு 0.9 பார் பிரஷர் ஏத்தினாரு, 15 நிமிஷம் முள்ளு அசையல. மூடியத் தனியா மாட்டினா 0.4லயே விட்டுடுச்சு, அடி ரப்பர் கல்லா இறுகி வெடிச்சிருந்துச்சு. 0.9 பார் நின்னா தரைமட்டத்துல தண்ணியே 118 டிகிரி வரைக்கும் கொதிக்காது, ஏற்காடு உயரத்துல திறந்த பாத்திரத்துத் தண்ணி 95லயே கொதிச்சிடும். அதான் ஊருக்குள்ள ஓட்டுறப்ப ஒண்ணும் தெரியாம மலைல மாட்டினேன். கேஸ்கெட் சந்தேகமும் தீரணும்னு மூடி இல்லாம ஸ்டார்ட் பண்ணி உள்ள பார்த்தோம், கேஸ்கெட் போயிருந்தா விடாம வர்ற குமிழி எதுவும் இல்ல.

புது மூடி 300 ரூபா. கூலன்ட்டும் டிஸ்டில்டு வாட்டரும் பாதிக்குப் பாதி ஊத்தி, முன்பக்கத்த மேடா நிறுத்தி, ஹீட்டரப் போட்டு, ஃபேன் ரெண்டு தடவை ஓடி நிக்கிற வரைக்கும் ஐட்லிங்ல விட்டு, உள்ள மாட்டியிருந்த காத்த (ஏர் லாக்) வெளிய எடுத்தோம்.

அடுத்த ஞாயிறு அதே ரோடு, ஏசி போட்டே 20 வளைவும் ஏறினேன், முள்ளு பாதியத் தாண்டல. திங்கக்கிழமை காலைல எழுந்ததும் முதல்ல பானட்டைத்தான் திறந்தேன், ஹோஸ் உருண்டையா இருந்துச்சு, டேங்க்ல கூலன்ட் கோட்டுக்கே இறங்கி வந்திருந்துச்சு.